பனிப்போர்: நேருக்கு நேர் மோதிக்காத ரெண்டு வல்லரசும் நடுவுல மாட்டுன மத்த நாடுகளும்

ஒரே கட்சியில இருக்குற ரெண்டு தலைவருங்க மேடையில முகம் கொடுத்துப் பேசிக்கலைன்னா மறுநாளே "பனிப்போர்"னு செய்தி வந்துடுது, யூடியூப்ல அமெரிக்கா சீனா பத்தி யார் பேசினாலும் "புதிய பனிப்போர்"னு தம்ப்நெயில் போட்டுடறாங்க, ஆனா 1945க்கு அப்புறம் ஆரம்பிச்சு 1991 வரைக்கும் அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் நடுவுல நிஜமா நடந்த பனிப்போர் எதனால நடந்துச்சுன்னு கேட்டா பதில் பெரும்பாலும் ரெண்டே வகைதான். ஒண்ணு, "கம்யூனிசத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் நடந்த கொள்கைச் சண்டை". இன்னொண்ணு, "கொள்கையாவது மண்ணாவது, ரெண்டு பெரிய ரவுடிங்க ஏரியா பிரிச்சுக்கிட்டாங்க". ரெண்டும் பாதி பாதி சரி. கொள்கை மட்டும்தான் காரணம்னா ரஷ்யப் புரட்சி நடந்த 1917லயே முழுசா வெடிச்சிருக்கணும். வெறும் ஏரியா சண்டைன்னா பங்கு பிரிச்ச அன்னிக்கே முடிஞ்சிருக்கணும். ஏன் ரெண்டும் நடக்கலைன்னுதான் இங்க பாக்கப் போறோம். ஏற்கனவே நெறைய படிச்சவங்களுக்கு இதுல புதுசா ஒண்ணும் இருக்காது, ஸ்கூல்ல "நேட்டோ தொடங்கிய ஆண்டு எது"ன்னு ஒரு மார்க் கேள்வியா மட்டும் படிச்சுட்டு மறந்தவங்களுக்காக எழுதுறேன்.

முதல்ல ஒரு வரப்புத் தகராறு

ரெண்டு பங்காளிங்க, பக்கத்துப் பக்கத்து வயல். ஊருக்குள்ள புகுந்த ஒரு பொது எதிரியை ரெண்டு பேரும் சேர்ந்து அடிச்சு விரட்டினாங்க, அது வரைக்கும் ஒத்துமைதான். அவன் போனதுக்கு அப்புறம், ஏற்கனவே மாடு மேஞ்சு ரெண்டு போகம் வெள்ளாமையைப் பறிகொடுத்த ஒருத்தர் வரப்பு ஓரமா முள்வேலி போடறாரு. அவரு மனசுல அது பாதுகாப்பு. அடுத்த வயல்காரர் பாக்குறப்போ, "இன்னிக்கு வேலி போட்றான், நாளைக்கு அதையே ரெண்டடி தள்ளி நடுவான்". உடனே இவரு நாய் வாங்குறாரு, ராத்திரிக் காவலுக்கு ஆள் போடறாரு, அதைப் பாத்து அவரு வேலிக்குப் பதிலா காம்பவுண்டு சுவரே எழுப்புறாரு. யாரும் யாரையும் இன்னும் கைநீட்டி அடிக்கல, ஆனா ரெண்டு வீட்டுலயும் தூக்கம் போச்சு.

சர்வதேச அரசியல்ல இதுக்குப் பேரு பாதுகாப்புச் சிக்கல். ஒரு நாடு தன்னைக் காப்பாத்திக்க எடுக்குற நடவடிக்கை, எதிர்ல இருக்குற நாட்டுக்குத் தாக்குதலுக்கான தயாரிப்பாத் தெரியறதுன்னு அர்த்தம்.

இது எந்த ரெண்டு நாட்டுக்கு நடுவுலயும் வரும், பேசினா சரியாவும் ஆகும். ஆனா அந்தப் பங்காளிங்க ரெண்டு பேரும் "அவன் வம்சமே அடுத்தவன் நிலத்தைப் பிடுங்குற வம்சம், அவனால வேற மாதிரி இருக்கவே முடியாது"ன்னு அடிமனசுல நம்புறாங்கன்னு வைங்க. அப்புறம் எதிராளி வேலியைப் பிரிச்சுப் போட்டாக்கூட அது ஏதோ தந்திரம்னுதான் தோணும். பனிப்போர்ல கொள்கை செஞ்ச வேலை இதுதான், சண்டையை மூட்டுனதை விட சமாதானம் ஆக விடாம பண்ணதுதான் அதிகம்.

ரெண்டு கொள்கை, சுருக்கமா

முதலாளித்துவம்னா தொழிற்சாலை, நிலம், வங்கி எல்லாம் தனியார் கையில இருக்கும், விலையைச் சந்தை முடிவு பண்ணும். அமெரிக்கா இதோட பல கட்சித் தேர்தலையும் சேர்த்து "சுதந்திர உலகம்"னு சொல்லிக்கிச்சு. சோவியத் யூனியன் நடைமுறையில வச்சிருந்த கம்யூனிசம்னா (மார்க்ஸ் எழுதுனது வேற கதை, அதை இங்க இழுக்கல) உற்பத்தி அரசு கையில, எவ்வளவு எஃகு எவ்வளவு செருப்புன்னு மாஸ்கோவுல திட்டம் போடுவாங்க, ஆட்சி ஒரே கட்சிகிட்ட. சோவியத்னா ரஷ்யா மட்டும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, உக்ரைன், ஜார்ஜியா, கஜகஸ்தான் எல்லாம் சேர்ந்த 15 குடியரசு அது.

இதுல முக்கியமான விஷயம் பொருளாதாரம் கூட இல்ல. ரெண்டு பேருமே உலகம் மொத்தமும் கடைசியில தன் வழிக்குத்தான் வரும்னு நம்புனாங்க. "என் நாட்டுல நான் இப்படி, உன் நாட்டுல நீ அப்படி"ன்னு விட்டுட்டுப் போற ரகமில்ல. 1917 ரஷ்யப் புரட்சி நடந்த மறு வருஷமே அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான் எல்லாம் ரஷ்ய மண்ணுல படையை இறக்குச்சு, அந்தப் புது அரசாங்கத்தை அமெரிக்கா முறையா அங்கீகரிச்சதே 1933லதான். அதாவது சந்தேகம் பழசு. ஆனா அப்போ அமெரிக்கா தான் உண்டு தன் வேலை உண்டுன்னு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு, சோவியத் ஏழை நாடு, நடுவுல ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான்னு பெரிய கைங்க வேற இருந்தாங்க. 1945ல அந்தப் பெரிய கைங்க எல்லாரும் தோத்துட்டாங்க இல்லைன்னா ஜெயிச்சும் திவாலாயிட்டாங்க. மிச்சம் இருந்தது ரெண்டே பேரு, அவங்க படைங்க ஜெர்மனி நடுவுல நேருக்கு நேர் நின்னுச்சு.

கூட்டாளிங்க எப்படி எதிரி ஆனாங்க

ஹிட்லரோட 1939ல ஒப்பந்தம் போட்டு போலந்தைப் பங்கு போட்டுக்கிட்டவர் சோவியத் தலைவர் ஸ்டாலின், அதே ஹிட்லர் 1941 ஜூன்ல சோவியத் மேல பாஞ்சதும் பிரிட்டன், அமெரிக்காவோட கூட்டாளி ஆயிட்டாரு. அமெரிக்கா சுமார் 4 லட்சம் ஜீப்பும் லாரியும் அனுப்புச்சு. ஆனா பிணம் விழுந்த கணக்கைப் பாருங்க: சோவியத்துல செத்தவங்க சுமார் 2.7 கோடி, அமெரிக்காவுல சுமார் 4 லட்சம். பிரான்ஸ் பக்கம் இன்னொரு போர்முனை திறங்கன்னு ஸ்டாலின் கேட்டுக்கிட்டே இருந்தாரு, அது நடந்தது 1944 ஜூன்ல. "நம்மளைச் சாக விட்டு வேடிக்கை பாத்தாங்க"ன்னு மாஸ்கோவுல ஒரு கசப்பு தங்கிடுச்சு.

மேற்கு எல்லை வழியா நெப்போலியன் வந்தாரு, 1914ல ஜெர்மனி வந்துச்சு, 1941ல மறுபடி வந்துச்சு. அதனால போலந்து, ருமேனியா மாதிரி நாடுங்க தன் சொல்பேச்சு கேக்குற அரசாங்கமா இருக்கணும்னு ஸ்டாலின் முடிவு பண்ணாரு. அவரு கணக்குல அது வேலி. ஆனா அந்த வேலிக்குள்ள கோடிக்கணக்கான மனுஷங்க இருந்தாங்க, 1945 பிப்ரவரியில யால்ட்டா மாநாட்டுல சுதந்திரமான தேர்தல் நடத்துறதா வாக்கு குடுத்துட்டு 1947ல போலந்துல நடத்துனது தில்லுமுல்லுத் தேர்தல். ஸ்டாலினோட பயம் நியாயமானதுதான், அதுக்கு அவர் தேடுன வழி நியாயமில்ல. இந்த ரெண்டையும் ஒரே நேரத்துல ஏத்துக்கிட்டாத்தான் பனிப்போர் புரியும், ஆனா இணையத்துல விவாதம் பண்றவங்க ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டு மத்ததை விட்டுடுவாங்க.

கிரீஸ்ல நடந்த கூத்து

எனக்குப் பிடிச்ச உதாரணம் இதுதான், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

1944 அக்டோபர்ல பிரிட்டன் பிரதமர் சர்ச்சில் மாஸ்கோ போயி ஸ்டாலினைப் பாத்தாரு. ஒரு துண்டுக் காகிதத்துல நாடுங்க பேரை எழுதி பக்கத்துல சதவீதம் போட்டாரு: ருமேனியாவுல சோவியத்துக்கு 90, கிரீஸ்ல பிரிட்டனுக்கு 90, யூகோஸ்லாவியா, ஹங்கேரி 50க்கு 50. ஸ்டாலின் பென்சில எடுத்து ஒரு டிக் போட்டுட்டு காகிதத்தைத் திருப்பித் தள்ளிட்டாராம். இதைச் சர்ச்சிலே பின்னாடி எழுதி வச்சிருக்காரு. பச்சையா ஏரியா பிரிக்கிற வேலை, இதுல எந்தக் கொள்கையும் இல்ல.

அதுக்கு அப்புறம் கிரீஸ்ல உள்நாட்டுப் போர் வெடிச்சுச்சு, ஒரு பக்கம் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள். ஸ்டாலின் தான் போட்ட டிக்குக்குப் பெரும்பாலும் கட்டுப்பட்டுத்தான் நடந்துக்கிட்டாரு, கிரேக்கக் கம்யூனிஸ்டுகளுக்குப் பெருசா கைகொடுக்கல. கைகொடுத்தது பக்கத்து நாடான யூகோஸ்லாவியாவோட டிட்டோ, அதுவும் ஸ்டாலினுக்கு எரிச்சல் ஏத்துற அளவுக்கு. ஆனா வாஷிங்டன்ல உக்காந்து பாத்தவங்களுக்கு இதெல்லாம் தெரியல. கம்யூனிஸ்ட் துப்பாக்கி தூக்கினா பின்னாடி மாஸ்கோ இருக்கும், வேற எப்படி இருக்கும்? 1947 பிப்ரவரியில பிரிட்டன் "எங்ககிட்ட காசு இல்ல, கிரீஸையும் துருக்கியையும் இனிமே தாங்க முடியாது"ன்னு கைவிரிச்சதும், மார்ச் 12 அன்னிக்கு ஜனாதிபதி ட்ரூமன் அமெரிக்க நாடாளுமன்றத்துல நின்னு 40 கோடி டாலர் கேட்டாரு. கேட்டப்போ கிரீஸ் பத்தி மட்டும் பேசல, அடக்குமுறையை எதிர்க்குற சுதந்திர மக்கள் எங்க இருந்தாலும் அமெரிக்கா துணை நிக்கும்னு பேசிட்டாரு. ட்ரூமன் கோட்பாடுன்னு சொல்றது இதைத்தான். ஒரு சின்ன நாட்டோட உள்ளூர்ச் சண்டை, அடுத்த 40 வருஷத்துக்கு உலகம் முழுக்க செல்லுபடியாகுற வாக்குறுதியா ஆயிடுச்சு.

இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் போட்டது ஜார்ஜ் கென்னன்னு மாஸ்கோவுல இருந்த ஒரு அமெரிக்கத் தூதரக அதிகாரி, 1946 பிப்ரவரியில அவர் அனுப்புன ரொம்ப நீளமான தந்தி. சோவியத்தை அடிக்கவும் வேணாம், நம்பவும் வேணாம், பரவ விடாமப் பொறுமையா அணை போட்டாப் போதும், உள்ளேயே அது மாறும்னு சொன்னாரு. இதுதான் கட்டுப்படுத்தும் கொள்கை, அதாவது கம்யூனிசம் இருக்குற இடத்தைத் தாண்டாம தடுக்குறது. அரசியலாவும் பொருளாதாரமாவும் நான் சொன்னதை ராணுவ விஷயமா மாத்திட்டாங்கன்னு கென்னன் பின்னாடி ரொம்ப வருஷம் புலம்பிக்கிட்டு இருந்தாரு, அது தனிக்கதை.

அப்புறம் மடமடன்னு நடந்துச்சு. 1947 ஜூன்ல மார்ஷல் திட்டம், போர்ல நொறுங்கிப் போன ஐரோப்பாவுக்கு அமெரிக்கா சுமார் 1300 கோடி டாலர் குடுத்துச்சு. பசியில இருக்குறவன் கம்யூனிஸ்ட் ஆயிடுவான்னு இவங்க பயம். காசைக் காட்டி நம்ம வேலிக்குள்ள இருக்குறவனை இழுக்குறாங்கன்னு ஸ்டாலின் பயம். வாங்கிக்கிறோம்னு சொன்ன செக்கோஸ்லோவாகியாவை மாஸ்கோவுக்குக் கூப்பிட்டு வேணாம்னு சொல்ல வச்சாரு, 1948 பிப்ரவரியில அங்க ஆட்சியே முழுசா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போச்சு. 1948 ஜூன்ல மேற்கு ஜெர்மனிக்குப் புது கரன்சி வந்ததும் சோவியத், தன் கையில இருந்த கிழக்கு ஜெர்மனிக்கு நடுவுல தீவு மாதிரி மேற்கு நாடுங்க கையில இருந்த மேற்கு பெர்லினுக்குப் போற ரோடு, ரயில் எல்லாத்தையும் அடைச்சுச்சு, 20 லட்சம் பேர் உள்ள மாட்டிக்கிட்டாங்க. அமெரிக்காவும் பிரிட்டனும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் நிலக்கரியில இருந்து மாவு வரைக்கும் விமானத்துலயே கொண்டு போயி போட்டாங்க, மொத்தம் 20 லட்சம் டன்னுக்கும் மேல. 1949 ஏப்ரல்ல 12 நாடுங்க சேர்ந்து நேட்டோ ராணுவக் கூட்டணி. 1955 மே மாசம் மேற்கு ஜெர்மனியை நேட்டோவுல சேர்த்தாங்க, சில நாள்லயே சோவியத் தன் பக்கத்து நாடுங்களோட வார்சா ஒப்பந்தக் கூட்டணி போட்டுச்சு.

இது வரைக்கும் சொன்னதைச் சுருக்கிச் சொன்னா: பயம் ரெண்டு பக்கமும் நிஜம். ஒருத்தர் பண்ண தற்காப்பு அடுத்தவருக்குத் தாக்குதலாத் தெரிஞ்சுச்சு. "அவன் கொள்கையே அப்படி"ங்குற நம்பிக்கை இருந்ததால, கிரீஸ் மாதிரி சோவியத் நெஜமாவே ஒதுங்கி நின்ன இடத்துலகூட யாரும் அதை நம்பல.

அப்போ ஏன் நேரா மோதிக்கல?

அணுகுண்டுதான் காரணம். 1949 ஆகஸ்ட்ல சோவியத்தும் அணுகுண்டு வெடிச்சுக் காட்டிடுச்சு. அதுக்கு அப்புறம் ரெண்டு பக்கமும் நிலத்துல, விமானத்துல, நீர்மூழ்கிக் கப்பல்லன்னு பிரிச்சு வச்சுக்கிட்டாங்க, முதல் அடி வாங்கி நாடே அழிஞ்சாக்கூட திருப்பி அடிக்க மிச்சம் இருக்கும். திருப்பி அடிப்பான்னு தெரிஞ்சதாலயே யாரும் முதல்ல அடிக்காம இருக்குறதை அச்சுறுத்தித் தடுத்தல்னு சொல்றாங்க. 1986 வாக்குல உலகத்துல இருந்த அணு ஆயுதம் சுமார் 70,000. எதுக்கு அவ்வளவுன்னு யோசிச்சா தலை சுத்தும், பாதுகாப்புச் சிக்கலை நிறுத்தாம ஓட விட்டா வர்ற எண்ணிக்கை அது.

"அணுகுண்டு இருந்ததாலதான் அமைதியா இருந்துச்சு"ன்னு சில பேர் ரொம்ப நம்பிக்கையாச் சொல்றாங்க. 1962 அக்டோபர் கதையைப் படிச்சா அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காணும். ஃபிடல் காஸ்ட்ரோவோட கியூபாவை அமெரிக்கா 1961ல ஆள் வச்சுக் கவுக்கப் பாத்துத் தோத்துச்சு. மறுபடி வருவாங்கன்னு பயம் இருந்துச்சு, அமெரிக்கா துருக்கியில சோவியத்தைக் குறிபாத்து ஜூபிடர் ஏவுகணை வேற வச்சிருந்தது. ஸ்டாலினுக்கு அப்புறம் சோவியத் தலைவரான குருஷ்சேவ் கியூபாவுல ரகசியமா ஏவுகணை இறக்குனாரு. அமெரிக்க உளவு விமானம் படம் எடுத்துடுச்சு, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கடல் வழியை மறிச்சாரு. அக்டோபர் 27 அன்னிக்கு ஒரு சோவியத் நீர்மூழ்கியை அமெரிக்கக் கப்பலுங்க சுத்தி வளைச்சு, மேல வரச் சொல்லி எச்சரிக்கை வெடி போட்டாங்க. அந்த நீர்மூழ்கியில அணுகுண்டு பொருத்தின டார்பிடோ இருந்தது அவங்களுக்குத் தெரியாது. உள்ள இருந்த கேப்டன் போர் ஆரம்பிச்சிடுச்சுன்னு நினைச்சு அதைத் தயார் பண்ணச் சொன்னாராம், கூட இருந்த வசிலி ஆர்கிபோவ்ங்குற அதிகாரிதான் அவரைச் சமாதானப்படுத்தினதா அந்தக் கப்பல்ல இருந்தவங்க பின்னாடி சொல்லியிருக்காங்க. மறுநாள் குருஷ்சேவ் ஏவுகணையை எடுத்துக்கிறேன்னு அறிவிச்சாரு. துருக்கியில இருக்குறதை நாங்களும் எடுத்துக்கிறோம்னு கென்னடி பக்கம் ரகசியமா வாக்கு குடுத்தாங்க, அந்தப் பகுதி ரொம்ப வருஷம் வெளிய தெரியாததால "கென்னடி முறைச்சாரு, குருஷ்சேவ் பயந்து ஓடினாரு"ன்னே ஒரு கதை பரவிடுச்சு. இன்னிக்கும் அதைத்தான் நிறைய பேர் சொல்றாங்க.

சண்டை நடந்தது வேற ஊர்ல

நேரா அடிச்சுக்க முடியாது, விட்டுக் கொடுக்கவும் முடியாது. அதனால மத்தவங்க சண்டைக்குள்ள ஆளுக்கொரு பக்கம் துப்பாக்கியும் காசும் குடுத்தாங்க, இதைப் பினாமிப் போர்னு சொல்லலாம்: பெரிய நாடுங்க நேரா மோதிக்காம, வேற ஒருத்தர் மண்ணுல வேற ஆளுங்க மூலமா மோதிக்குறது. பனிப்போர்ல குண்டே வெடிக்கலைன்னு நினைக்குறவங்க கொரியாவுலயும் வியட்நாம்லயும் போயி கேக்கணும். கொரியப் போர்ல (1950 முதல் 1953) மட்டும் செத்தவங்க 20 லட்சத்துக்கு மேல, கடைசியில வட கொரியாவுக்கும் தென் கொரியாவுக்கும் நடுவுல எல்லைக்கோடு ஆரம்பிச்ச இடத்துக்குப் பக்கத்துலயே வந்து நின்னுச்சு.

வியட்நாம் கதையில கிரீஸ் கதையோட சாயல் அப்படியே இருக்கும். வியட்நாம் விடுதலைத் தலைவர் ஹோ சி மின் 1945 செப்டம்பர்ல விடுதலைப் பிரகடனம் வாசிச்சப்போ ஆரம்ப வரியே அமெரிக்க விடுதலைப் பிரகடனத்துல இருந்து எடுத்ததுதான், பிரான்ஸ்கிட்ட இருந்து எங்களைக் காப்பாத்துங்கன்னு ட்ரூமனுக்குத் தந்தி எல்லாம் அனுப்பினாரு, பதில் வரல. அவரு கம்யூனிஸ்ட்தான், அதே சமயம் பிரெஞ்சுக்காரன் போகணும்னு நினைச்ச தேசியவாதியும்தான். அமெரிக்காவுக்கு முதல் பாதி மட்டும் தெரிஞ்சுச்சு. விளைவு, அமெரிக்காவே அங்க போர்ல இறங்கி, 58,000 அமெரிக்கச் சிப்பாய்களும் அதை விடப் பல மடங்கு வியட்நாமியர்களும் செத்து, 1975ல தென் வியட்நாம் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்டுகள் கையில விழுந்துச்சு.

போர் இல்லாம முடிச்ச இடங்களும் உண்டு. ஈரான்ல எண்ணெய்க் கம்பெனியை நாட்டுடைமை ஆக்குன பிரதமர் முசாடெக்கை 1953ல அமெரிக்க உளவுத்துறை சிஐஏவும் பிரிட்டிஷ் உளவுத்துறையும் சேர்ந்து கவுத்தாங்க, அடுத்த வருஷம் குவாத்தமாலாவுல ஜனாதிபதி அர்பென்ஸைக் கவுத்தது சிஐஏ. அந்தப் பக்கம் 1956ல ஹங்கேரி, 1968ல செக்கோஸ்லோவாகியா, தன் சொந்த அணியில இருந்த நாட்டுக்குள்ளயே சோவியத் டாங்கிகள் போச்சு. இந்தோனேசியாவுல 1965, 66ல கம்யூனிஸ்டுன்னு முத்திரை குத்தி ராணுவமும் அதோட ஆளுங்களும் கொன்னது லட்சக்கணக்குல, இதைப் பத்தித் தமிழ்ல யாரும் பெருசா எழுதிப் பாத்ததில்ல.

கொள்கைதான் எல்லாம்னு சொல்றவங்களுக்கு ஆப்பிரிக்காவுல ரெண்டு வேடிக்கை இருக்கு. எத்தியோப்பியா அமெரிக்கா பக்கம், சோமாலியா சோவியத் பக்கம் இருந்துச்சு. 1977ல ரெண்டும் மோதிக்கிட்டப்போ சோவியத் எத்தியோப்பியாவுக்குத் தாவிடுச்சு, சோமாலியா அப்புறம் அமெரிக்கா பக்கம் போச்சு, ஜோடி மாத்தி ஆடுன மாதிரி. அங்கோலாவுல இன்னும் மோசம்: அமெரிக்கா உதவி பண்ண கிளர்ச்சிக்காரங்ககிட்ட இருந்து, அமெரிக்கக் கம்பெனியோட எண்ணெய் வயலுக்குக் காவல் நின்னது கியூபாவோட கம்யூனிஸ்ட் படை.

சின்னச் சுருக்கம்: நடுவுல, அதாவது ஐரோப்பாவுல, ரெண்டு அணிக்கும் நேரடியா குண்டு வெடிக்கல. ஓரத்துல வெடிச்சுக்கிட்டே இருந்துச்சு. யாரு யாரு பக்கம்ங்குறதைக் கொள்கை பாதி, வசதி பாதின்னு முடிவு பண்ணாங்க.

சின்ன நாடுங்க சும்மா உக்காந்திருக்கல

இன்னொரு தப்பான எண்ணம், மத்த நாடுங்க எல்லாம் ஆட்டி வச்ச பொம்மைன்னு. எகிப்தோட நாசர் அஸ்வான் அணைக்கு அமெரிக்கா காசு தரேன்னு சொல்லி 1956ல கைவிரிச்சதும் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கி, அணையைச் சோவியத் உதவியோட கட்டிட்டாரு. 1955ல பாண்டுங், 1961ல பெல்கிரேடுன்னு கூடி எந்த ராணுவக் கூட்டணியிலயும் சேர மாட்டோம்னு சொன்ன நாடுங்கதான் அணிசேரா இயக்கம், நேரு, நாசர், டிட்டோ எல்லாம் முன்னாடி நின்னாங்க. 1976ல இதோட உச்சி மாநாடு கொழும்புல நடந்துச்சு. மாநாடு நடந்த பண்டாரநாயக்க மண்டபம் சீனா இலவசமாக் கட்டிக் குடுத்தது, அணிசேராமைக்கும் ஒரு ஸ்பான்சர் தேவைப்பட்டுச்சு போல.

இந்தியா இதுல கில்லாடி. எஃகு ஆலைக்கு பிலாய்ல சோவியத், ரூர்கேலாவுல மேற்கு ஜெர்மனி, துர்காபூர்ல பிரிட்டன்னு மூணு பேர்கிட்ட வாங்குச்சு. ஐஐடி பம்பாய்க்கு சோவியத் உதவி, கான்பூருக்கு அமெரிக்கா, 1959ல வந்த ஐஐடி மெட்ராஸுக்கு மேற்கு ஜெர்மனி. நெய்வேலியோட முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியில வந்தது. ஒரு பக்கம் பிஎல் 480 திட்டத்துல அமெரிக்கக் கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இன்னொரு பக்கம் சோவியத்தோட மிக் போர் விமானம் வாங்குனோம். நம்ம ஊர்ல நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடையில மாஸ்கோவுல அச்சான தமிழ்ப் புத்தகம் சல்லிசா, கெட்டி அட்டையில கிடைச்சதுக்கும் இந்தப் போட்டிதான் காரணம், ஒரு தலைமுறை ரஷ்ய இலக்கியம் படிச்சு வளந்தது அப்படித்தான்.

ஆனா இலவசம் எதுவும் இல்ல. 1966ல பஞ்சம் வந்தப்போ வியட்நாம் விஷயத்துல இந்தியா விமர்சனம் பண்ணதுக்காகவும் சேர்த்து அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கோதுமைக் கப்பலை இழுத்துப் பிடிச்சு அனுப்பினாரு. 1971 ஆகஸ்ட்ல சோவியத்தோட நட்பு ஒப்பந்தம், டிசம்பர்ல வங்கதேசப் போர் நடக்கும்போது அமெரிக்காவோட எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்து நின்னுச்சு. அணிசேராம இருந்தோம்னு சொல்லிக்கிட்டாலும் அந்த வருஷம் நாம எந்தப் பக்கம் சாஞ்சோம்னு எல்லாருக்கும் தெரியும்.

போட்டியால நல்லதும் சிலது நடந்துச்சு, அதையும் சொல்லிடணும். 1961ல ககாரின் விண்வெளிக்குப் போனதும் 1969ல நிலவுல மனுஷன் கால் வச்சதும் எல்லாருக்கும் தெரிஞ்சது. அதிகம் பேசப்படாதது பெரியம்மை. அதை ஒழிக்கணும்னு 1958ல முன்மொழிஞ்சது சோவியத், 100 கோடிக்கும் மேல டோஸ் தடுப்பூசி குடுத்ததும் அவங்கதான், உலக சுகாதார நிறுவனத்துல திட்டத்தை முன்ன நின்னு நடத்துனது ஒரு அமெரிக்க டாக்டர். 1980ல பெரியம்மையே உலகத்துல இல்லைன்னு அறிவிச்சாங்க.

எப்படி முடிஞ்சுது

அமெரிக்கா ஜெயிச்சுதுன்னு ஒரு வரியில முடிக்கிறது ஈஸி. நடந்தது கொஞ்சம் வேற. சோவியத் பொருளாதாரம் 70கள்லயே திணற ஆரம்பிச்சிடுச்சு, எண்ணெய் வித்த காசு தாங்கிப் பிடிச்சுச்சு, 1986ல அந்த எண்ணெய் விலையும் விழுந்துச்சு. 1979ல ஆப்கானிஸ்தானுக்குள்ள போயி 10 வருஷம் மாட்டிக்கிட்டு சுமார் 15,000 சிப்பாய்களை இழந்தாங்க, ஆப்கானியர்கள் செத்த கணக்கு அதை விட எத்தனையோ மடங்கு. 1985ல சோவியத் தலைவரா வந்த கோர்பச்சேவ் பண்ண முக்கியமான வேலை, "மேற்கு நம்மளை அழிக்கத்தான் இருக்கு"ங்குற நம்பிக்கையைக் கைவிட்டது. அது போனதும் மத்ததெல்லாம் சரசரன்னு அவுந்துச்சு: 1987ல நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்கிற ஒப்பந்தம், 1989ல கிழக்கு ஐரோப்பாவுல ஆட்சிகள் கவுந்தப்போ டாங்கி அனுப்பல. அந்த வருஷம் நவம்பர் 9 அன்னிக்கு கிழக்கு ஜெர்மனி அதிகாரி ஒருத்தர் பத்திரிகையாளர் சந்திப்புல புதுப் பயண விதி எப்பலருந்துன்னு கேட்டதுக்குக் கையில இருந்த பேப்பரைப் புரட்டிப் பாத்துட்டு "உடனே"ன்னு சொல்லித் தொலைச்சாரு, அன்னிக்கு ராத்திரியே ஜனம் பெர்லினை ரெண்டாப் பிரிச்சு நின்ன சுவருக்குப் போயிடுச்சு. 1991 டிசம்பர் 25 அன்னிக்கு கோர்பச்சேவ் ராஜினாமா, சோவியத் 15 நாடாப் பிரிஞ்சுது.

இப்ப நடக்குறதும் பனிப்போரா?

அமெரிக்கா சீனா விஷயத்துல வேலி, சுவர் பகுதி அப்படியே இருக்கு. தென் சீனக் கடல்ல செயற்கைத் தீவு கட்டிட்டு அது தற்காப்புன்னு சீனா சொல்லுது, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா 2021ல ஆக்கஸ்னு ஒரு ராணுவ ஒப்பந்தம் போட்டுட்டு அவங்களும் அதையேதான் சொல்றாங்க. ஆனா சோவியத்தோட அமெரிக்காவுக்கு இருந்த வியாபாரம் நல்ல வருஷத்துலயே சில நூறு கோடி டாலர்தான், சீனாவோட 2022ல சரக்கு வர்த்தகம் மட்டும் 69,000 கோடி டாலர். இன்னொரு வித்தியாசம், இன்னிக்குச் சீனா வேற நாட்டுல புரட்சிக்குத் துப்பாக்கி குடுக்கல, கடனும் துறைமுகமும் குடுக்குது. ரஷ்யாவோ கம்யூனிஸ்ட் நாடே கிடையாது, உக்ரைன் போரை "பனிப்போர் 2"ன்னு சொல்றவங்க அதுல இருக்குற பழைய சாம்ராஜ்யக் கணக்கைப் பாக்காம விட்டுடறாங்க.

பழைய பனிப்போரோட மிச்சம் மட்டும் அங்கங்க அப்படியே கிடக்கு. கொரியாவுல 1953ல போட்டது போர்நிறுத்தம் மட்டும்தான், சமாதான ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகல. 1962ல கியூபா மேல போட்ட வர்த்தகத் தடை தளர்றதும் இறுகுறதுமா இன்னும் தொடருது. நம்ம கூடங்குளமும் அதுல ஒண்ணு. 1988 நவம்பர்ல ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம் அது, மூணு வருஷத்துல ஒப்பந்தம் போட்ட நாடே இல்லாமப் போச்சு, 1998ல ரஷ்யாவோட மறுபடி கையெழுத்து போட்டு, முதல் உலையில இருந்து கரண்ட் வந்தப்போ 2013 ஆயிடுச்சு.